ரியூஷன் என்றால் வகுப்பா, காசா?

கேள்வி: மகன் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறான். செலவுப் பட்டியலில் ‘ரியூஷன்’ என்று பெரிய தொகை போட்டிருக்கிறார்கள். அங்கேயும் பின்னேர வகுப்புக்குத் தனியாகக் கட்ட வேண்டுமா?
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: இல்லை அம்மா, பயப்படாதீர்கள். அமெரிக்காவில் ரியூஷன் என்றால் பெரும்பாலும் படிப்புக் கட்டணம்தான். விடுதியும் சாப்பாடும் பட்டியலில் வேறாக வரும், அதையும் கூட்டிப் பாருங்கள். பிரிட்டிஷ் வழக்கில் அந்தச் சொல் கற்பித்தலையே குறிக்கும், அதுவும் தனியாகவோ சின்னக் குழுவாகவோ சொல்லிக்கொடுப்பதை. காசைச் சொல்ல அங்கே ‘ரியூஷன் ஃபீஸ்’ என்பார்கள். நாம் பிடித்துக்கொண்டது இந்த வழக்கைத்தான். 1945 முதல் இலவசக் கல்வி இருக்கிற இலங்கையில், அரசுப் பல்கலைக்கழகத்தில் முதல் பட்டத்துக்குக் கட்டணமே கட்டாமல் படித்த நமக்கு அந்த மற்ற அர்த்தம் பழகாமல் போனதில் ஆச்சரியமே இல்லை.

ரியூஷன் என்ற சொல்லின் லத்தீன் வேர்ச்சொல்லுக்குக் காத்தல், பார்த்துக்கொள்ளுதல் என்று பொருள், ‘ரியூட்டர்’ வந்ததும் அதிலிருந்துதான், ஆங்கிலத்திலும் முதலில் பாதுகாவல் என்ற பொருளில்தான் வழங்கியது. எனக்கு மிகவும் பிடித்த பொருள் அது.

சரி, இனி முக்கியமான விஷயம். ‘ரியூஷன் வேய்வர்’ என்று கடிதம் வந்தால் வகுப்புக்குப் போகத் தேவையில்லை என்று அர்த்தமில்லை, கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறார்கள் என்று அர்த்தம். முழுவதுமா, ஒரு பகுதியா, ஒவ்வொரு வருடமும் கிடைக்குமா என்று அவர்களிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், மகன் எழுதும் கட்டுரையில் ‘ரியூஷன்ஸ்’ என்று பன்மை போட வேண்டாம். இங்கே சகஜம்தான், ஆனால் ஆங்கிலத்தில் அது எண்ணிச் சொல்லும் சொல் அல்ல.