வீட்டில் அடித்த தமிழ் வினாத்தாள் பள்ளிக் கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் தெரிகிறது

கோப்பு கெடவில்லை சார். நாளைக்கே தேர்வென்றால், வீட்டுக் கணினியில் பிடிஎஃப் ஆகச் சேமித்து எடுத்துப் போங்கள். எழுத்துருவும் பெரும்பாலும் கூடவே வந்துவிடும்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பள்ளிக் கணினியில் அது இருக்காது. ஒரு வரியை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்தும் ஊடே அரைப்புள்ளியுமாக (;) வந்தால் பாமினிதான். அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை.

அப்புறம் நிதானமாக, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தமிழக அரசே 2010-இல் அதை ஏற்றுக்கொண்டது. நாம்தான் இன்னும் பழைய எழுத்துருவை விடமாட்டேன் என்கிறோம்.

ஒன்று மட்டும் கவனம்: முழுக் கோப்பையும் ஒரேயடியாக யூனிகோடு மாற்றி மென்பொருளில் போட்டால் இடையிலுள்ள ஆங்கிலச் சொற்களும் கணக்கிலுள்ள எக்ஸ், ஒய்யும் தமிழெழுத்தாகிவிடும். எனக்கு ஒரு இயற்கணிதத் தாள் முழுக்க அப்படிப் போனது. தமிழ்ப் பத்திகளை மட்டும் தனித்தனியாக மாற்றுங்கள்.