அம்பையின் அந்திச் சிவப்பு அரபிக்கடலில் முடிவாகிறது

அம்பாசமுத்திரத்திலிருந்து திருமணப் புகைப்படக் கலைஞர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: ‘அவுட்டோர் ஷூட்டுக்காக மணமக்களை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போகிறோம். மார்கழி மாதத்தில் சூரியன் மறையும் நேரம் 6.08 என்று போன் காட்டுகிறது, ஆனால் 5.50 மணிக்கே மலைக்குப் பின்னால் இறங்கிவிடுகிறது. சில நாள் வானம் பற்றி எரிவதுபோல் சிவக்கிறது, சில நாள் சாம்பல் பூத்ததுபோல் அப்படியே இருட்டிவிடுகிறது. எந்த நாளில் நிறம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா? வானம் சிவந்தால் மறுநாள் மழை என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது உண்மையா?’

முதலில் அந்தப் பதினெட்டு நிமிடக் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் மற்றவை அதிலிருந்தே பிடிபடும். போன் காட்டுவது, மலையோ மரமோ இல்லாத வெறும் அடிவானத்தில் சூரியன் மறையும் நேரம். அம்பைக்கு (அம்பாசமுத்திரத்துக்கு) மேற்கே சற்றுத் தெற்காக, நேர்க்கோட்டில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலை நிற்கிறது. மார்கழியில் சூரியன் இறங்குவதும் ஏறத்தாழ அந்தத் திசையில்தான். அவ்வளவு தொலைவில் அவ்வளவு உயரம் என்றால் அடிவானத்திலிருந்து 4 பாகைக்கு (டிகிரிக்கு) சற்று அதிகம். நம் ஊரில் சூரியன் ஒரு பாகை இறங்க நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆக, போனும் பொய் சொல்லவில்லை, மலையும் பொய் சொல்லவில்லை. உங்கள் கண்ணுக்குச் சூரியன் மறைந்துவிட்டாலும், தலைக்கு மேலே உள்ள மேகத்துக்கு அது இன்னும் மறையவில்லை. நானும் தொடக்கத்தில் சூரியன் மலைக்குள் போனதும் முக்காலியை மடக்கிக்கொண்டு கிளம்பியவன்தான். குளத்தாங்கரையிலிருந்து வண்டியில் பாதி வழி வந்த பிறகு கண்ணாடியில் பார்த்தால், பின்னால் வானம் முழுக்கக் குங்குமமாக இருக்கும்.

இனி, நிறம் எங்கிருந்து வருகிறது என்பது. காற்றின் மூலக்கூறுகள் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கின்றன. ஆனால் எல்லா நிறத்தையும் ஒன்றுபோல் சிதறடிப்பதில்லை. அலைநீளம் குறையக் குறைய, அதன் நான்காம் அடுக்குக்கேற்பச் சிதறல் கூடுகிறது என்பதை ஆங்கில இயற்பியலாளர் ராலே 1871-இல் கணக்கிட்டுக் காட்டினார். 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கும் மேல் சிதறுகிறது. பகலில் எந்தப் பக்கம் பார்த்தாலும் நீலம் தெரிவது இதனால்தான். உச்சி வெயில் கடந்து வரும் காற்றைப் போல ஏறத்தாழ 38 மடங்கு காற்றை, அடிவானத்துச் சூரியனின் ஒளி கடந்து வரவேண்டும். அந்த நெடுவழியில் நீலமும் பச்சையும் பெரும்பாலும் சிதறித் தொலைந்துபோக, மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் மிஞ்சுகின்றன.

ஆனால் மிஞ்சிய அந்தச் சிவப்பு நம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் அது விழுவதற்கு ஒரு திரை வேண்டும். அந்தத் திரை, ஆறு முதல் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கும் மென்மையான கீற்று மேகம், அல்லது செதில் செதிலாகப் பரவிய மேகம். உங்கள் கேள்விக்கான விடையின் மையம் இங்கேதான் இருக்கிறது. ஆறு கிலோமீட்டர் உயர மேகத்தின் அடிப்பக்கத்தைச் சிவக்க வைக்கும் கடைசிக் கதிர், அங்கிருந்து மேற்கே ஏறத்தாழ 275 கிலோமீட்டர் தள்ளிப் பூமியை உரசிக்கொண்டு வருகிறது. பத்துக் கிலோமீட்டர் உயர மேகமானால் 350 கிலோமீட்டருக்கும் மேல். அம்பையிலிருந்து திருவனந்தபுரமே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர்தான். அப்படியென்றால் அந்தக் கதிர் நுழையும் சன்னல், கேரளக் கரையைத் தாண்டி அரபிக்கடலின் நடுவே இருக்கிறது. அந்தச் சன்னலை மேகம் அடைத்துக்கொண்டால், அம்பைக்கு மேலே எவ்வளவு அழகான கீற்று மேகம் இருந்தாலும் அது சாம்பல் நிறமாகவே இருட்டிப்போகும்.

எனவே முன்கூட்டி அறிய நான் செய்வது இதுதான்: மாலை நான்கரை மணிக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளத்தில் இன்சாட் செயற்கைக்கோள் படத்தைப் பார்ப்பேன். நம் மாவட்டத்தின் மேல் மெல்லிய வெண்மை, கேரளத்துக்கு மேற்கே கடல் தெளிவு என்றிருந்தால் கிளம்பலாம். இரண்டு இடமும் தெளிவாக இருந்தால் வெறும் மஞ்சள் ஒளியோடு முடியும். மேற்கே திட்டாக வெண்மை தெரிந்தால், மணமக்களைச் சிரமப்படுத்தாமல் வேறு நாள் பார்ப்பது நல்லது.

ஆனி, ஆடி மாதங்களில், குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருக்கும்போது, கேரளமும் கடலும் பெரும்பாலும் மூடியே கிடக்கும். அந்த மாதங்களில் அந்திச் சிவப்பை நம்பி முன்பணம் வாங்குவது உசிதமல்ல. மலைமறைவில் இருக்கும் நம் சமவெளியில் அப்போது கிழக்கு வானம் பல நாள் திறந்திருக்கும் என்பதால் விடியற்காலை தேவலாம். உவரி போன்ற கடற்கரைக்குப் போக முடிந்தால் மலைத் தடையும் இல்லை. பங்குனி, சித்திரையில் வெக்கையும் தூசியும். தூசி கூடினால் நிறம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். அது பெரும்பாலும் தவறு. கீழ்க்காற்றில் மிதக்கும் பெரிய துகள்கள் எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒன்றுபோலச் சிதறடிப்பதால், சூரியன் மட்டும் பழுத்த பப்பாளிபோல் தெரியும், சுற்றியுள்ள வானம் வெளிறிக் கிடக்கும். 1883-இல் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்த பின் உலகெங்கும் வானம் சிவந்ததே என்று கேட்கலாம். அந்த எரிமலையால் உண்டான நுண்துளிகள் மிக உயரத்தில் மாதக்கணக்கில் தங்கியவை, ரோட்டுப் புழுதியோடு அவற்றை ஒப்பிட முடியாது. என் தேர்வு ஐப்பசியும் கார்த்திகையும்: பகலில் ஒரு மழை தூசியைக் கழுவிவிட்டுப் போய், மாலையில் மேகம் கலைந்து மேற்கு திறக்கும் நாள். கார்த்திகை மாதத் தொடக்கத்தில் 5.55 மணி வாக்கிலேயே பொழுதடைந்துவிடும் என்பதால் சீக்கிரம் புறப்படுங்கள்.

போன் சொல்லும் நேரத்துக்குப் பிறகு இருபது நிமிடமாவது காத்திருங்கள். உயர மேகங்கள் ஆழமாகச் சிவப்பது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். அப்போது ஒருமுறை கிழக்கேயும் திரும்பிப் பாருங்கள்: அடிவானத்தை ஒட்டிக் கருநீலப் பட்டை ஒன்று எழும், அதன் மேல் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்று இருக்கும். கீழே இருப்பது காற்றின் மேல் விழும் பூமியின் நிழல். மணமக்களை மேற்கே பார்க்க நிறுத்தி, நீங்கள் கிழக்கு நோக்கி எடுத்தால், முகத்தில் மேற்கின் மென்னொளியும் பின்னணியில் அந்த இளஞ்சிவப்பும் ஒருசேரக் கிடைக்கும். கேமராவின் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். அது சிவப்பைக் குறையென்று கருதித் திருத்திவிடும். டேலைட்டில் வையுங்கள்.

கடைசியாக மழை. அந்தி சிவந்தது என்றால் மேற்கே கடல் தெளிவு என்று பொருள், அவ்வளவே. ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு மழை கிழக்கே வங்கக் கடல் பக்கமிருந்து வருவதால், மேற்கின் தெளிவைக் கொண்டு மறுநாள் மழை உண்டென்றோ இல்லையென்றோ சொல்ல இயலாது. ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து வீசுவதால், அப்போது அந்தி சிவந்தால் சாரல் சற்று ஓயக்கூடும் என்று ஓரளவு எதிர்பார்க்கலாம். அதாவது, வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு நேர்மாறாக.