நாஷ்வில் ஒப்பந்தம்: மாதத் தொகை சம்பளம் அன்று

வணக்கம். அமெரிக்க இசைநகரான நாஷ்வில்லில், பாடல்களின் உரிமையைப் பெற்று நிர்வகிக்கும் இசைப் பதிப்பகம் ஒன்று மாதாமாதம் பணம் தந்து கன்ட்ரி, ராக் பாடல்கள் எழுத அழைப்பதாகவும், கையெழுத்திடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அத்தொகை சம்பளம் அன்று. பின்னாளில் உங்கள் ராயல்டியில், அதாவது பாடல்கள் ஈட்டும் உரிமைத் தொகையில், கழித்துக்கொள்ளப்படும் முன்பணம். வானொலி ஒலிபரப்புக்கான பாடலாசிரியர் பங்கை ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற, உரிமைத் தொகையை வசூலித்துப் பகிரும் அமைப்புகள் நேரடியாக உங்களுக்கே அனுப்பும் என்பதால், அதையும் பதிப்பகத்துக்கு எழுதிக்கொடுக்கும் வரி எங்கேனும் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமாக, பாடல்களைப் பதிப்பகத்தின் பணியாளராக எழுதியதாகக் கருதும் விதி உண்டா என்று பாருங்கள். 1976ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம், எழுதிக்கொடுத்த உரிமையை 35 ஆண்டுகளுக்குப் பின் பாடலாசிரியர் மீட்டுக்கொள்ளத் தரும் வாய்ப்பு அத்தகைய படைப்புகளுக்கு இல்லை. இப்போதைய வேலையை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள். புகழ்பெற்ற கன்ட்ரி பாடலாசிரியர் கிரிஸ் கிறிஸ்டோஃபர்சனே நாஷ்வில்லில் கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடத்தைத் துப்புரவு செய்துகொண்டும், லூசியானாவில் ஹெலிகாப்டர் ஓட்டிக்கொண்டும்தான் எழுதினார். ஒப்பந்தத்தை இசைத்துறை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். பதிப்பகம் கைகாட்டுபவரிடம் அல்ல.