255-க்கும் 256-க்கும் நடுவே வந்த 511

கேள்வி: 32 பிட் செயலியில் ஓடும் என் சி நிரலில் இரண்டு த்ரெட்கள் (ஒரே சமயத்தில் ஓடும் நிரல் இழைகள்) ஒரே இன்ட் (முழு எண்) மாறியைப் பகிர்கின்றன. ஒன்று பஃபரில் (தரவுக்கான தற்காலிக நினைவிடத்தில்) தரவை நிரப்பிவிட்டு அந்த மாறியில் 1 என்று எழுதும். மற்றது அதைக் கவனித்துக் காத்திருக்கும். ஒரே கட்டளையில் எழுதிவிடக்கூடிய அளவுதானே? வோலடைல் (மாறியின் மதிப்பு எதிர்பாராமல் மாறலாம் என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிச்சொல்) என்றும் அறிவித்திருக்கிறேன். இதற்குமேல், நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் உத்தரவாதம் தராதா?

பதில்: தராது. இன்டெல் கையேட்டில், எல்லை பிசகாமல் அமைந்த 4 பைட்டைப் படிப்பதும் எழுதுவதும் 486 செயலி முதல் பிரிபடாது, 8 பைட் என்றால் பென்டியம் செயலி முதல் பிரிபடாது என்று இருக்கிறது. அது இயந்திரக் கட்டளைக்குக் கொடுத்த வாக்கு. நீங்கள் எழுதிய ஒரு வரி எத்தனை கட்டளையாக ஆகும் என்பது கம்பைலரின் கையில் இருக்கிறது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஏ.வி.ஆர். எனும் 8 பிட் கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்றில், சக்கரம் சுற்றும்தோறும் இன்டரப்ட் (ஓடும் நிரலை இடைநிறுத்தும் குறுக்கீடு) வந்து 16 பிட் எண்ணியில் ஒன்றைக் கூட்டும். முதன்மை நிரல் அதைப் படித்துத் திரையில் காட்டும். எப்போதாவது ஒருமுறை திரையில் 511 என்று வந்து மறையும். சென்சார், கம்பி, மின்சாரம் என்று மூன்று நாள் சந்தேகப்பட்டேன். கடைசியில் அசெம்பிளியை (கம்பைலர் ஆக்கிய கட்டளைப் பட்டியலை) திறந்தபோது, எண்ணியைப் படிக்க இரண்டு கட்டளைகள் இருந்தன. முதலாவது கீழ் பைட்டை எடுக்கிறது: 255. அந்த இடைவெளியில் இன்டரப்ட் புகுந்து எண்ணியை 256 ஆக்குகிறது. இரண்டாவது கட்டளை மேல் பைட்டை எடுக்கிறது: இப்போது அது 1. பழைய பாதியும் புதிய பாதியும் ஒட்டி 511 (மேல் பைட்டின் 1 என்பது 256; அதோடு 255). நினைவகத்தில் ஒரு கணம்கூட இருந்திராத எண் அது! அந்த மாறியும் வோலடைல்தான். படிக்கும் நேரத்துக்கு மட்டும் இன்டரப்டை நிறுத்திவைத்தேன், 511 மறைந்தது.

வோலடைல் சொல்வது, ‘இந்த அணுகலை நீக்காதே, இன்னொரு வோலடைல் அணுகலுக்கு முன்பின்னாக மாற்றாதே’ என்பது மட்டுமே. துண்டாக்காதே என்று அது சொல்வதில்லை. 32 பிட் மாறிலியை இரண்டு 16 பிட் கட்டளைகளாக ஜிசிசி கம்பைலர் எழுதக்கூடும் என்று லினக்ஸ் கர்னலின் ஆவணமே எச்சரிக்கிறது. வோலடைல் மாறியிலேயே ஜிசிசி அப்படிச் செய்த பிழை ஒன்று இருந்து, பின்னர் திருத்தப்பட்டதையும் அது பதிவு செய்திருக்கிறது.

சி, சி++ மொழிகளுக்கு 2011-இல் வந்த சி11, சி++11 தரங்கள் இதைத் தெளிவாக்கிவிட்டன. சாதாரண மாறியில் ஒரு த்ரெட் எழுதும்போது இன்னொன்று ஒத்திசைவின்றித் தொட்டால், அந்த நிரலின் நடத்தைக்கு மொழி பொறுப்பேற்காது. அட்டாமிக் (பிரிபடாதது) என்று அறிவித்தால்தான் உத்தரவாதம். பெரிய ஸ்ட்ரக்டை (பல மாறிகளின் தொகுப்பை) அட்டாமிக் ஆக்கினால் உள்ளே பூட்டு (ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் அனுமதிக்கும் தடை) போடப்படலாம். இன்டரப்டுக்குள் அது நிரலையே உறைய வைத்துவிடக்கூடும். பூட்டில்லாததா என்று முதலில் சோதியுங்கள்.

இன்னொன்று, உங்கள் பஃபர் வோலடைல் அல்ல என்று நினைக்கிறேன். அப்படியானால் அதை நிரப்பும் வரிகளை, மாறியில் 1 எழுதும் வரிக்குப் பின்னால் கம்பைலர் தள்ளலாம். சில செயலிகளும் தள்ளும். மற்ற த்ரெட் 1-ஐப் பார்த்துவிட்டுப் பாதி நிரம்பிய பஃபரைப் படிக்கும். வெறும் எண்ணிக்கை என்றால், மற்ற அணுகல்களின் வரிசையைக் கட்டுப்படுத்தாத ரிலாக்ஸ்ட் போதும். இங்கே உங்கள் மாறி ‘தரவு தயார்’ என்று அறிவிக்கிறது. ஆகவே அதை அட்டாமிக் ஆக்கி, எழுதும் பக்கம் ரிலீஸ் (முந்தைய எழுத்துகள் இதற்குப் பின்னால் போகாது), படிக்கும் பக்கம் அக்வயர் (பிந்தைய படிப்புகள் இதற்கு முன்னால் வராது) என்று கொடுங்கள். வோலடைலை எடுத்துவிடலாம்.