பெஞ்சில் உட்கார்ந்தே அரை சீசன் போய்விட்டது!

கேள்வி: ஒரு தொழில்முறை கால்பந்து கிளப்பில் இளையோர் அணிக்குப் பயிற்சியாளராக இருக்கிறேன். பதின்மூன்று வயதிலிருந்து என்னிடம் வளர்ந்த ஒரு பையனுக்கு இப்போது 18. நடுக்கள ஆட்டக்காரன். சீசன் தொடக்கத்தில் சீனியர் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். ஆறு மாதம் ஆகிறது. மூன்று ஆட்டங்களின் கடைசியில் இறங்கி மொத்தம் 23 நிமிடம்தான் ஆடியிருக்கிறான். தலைமைப் பயிற்சியாளரிடம் கேட்டால், 'இன்னும் தயாராகவில்லை' என்கிறார். வேறு கிளப்புக்கு லோனில், அதாவது கொஞ்ச காலம் இரவலாக, அனுப்பலாம் என்று நிர்வாகத்தில் பேச்சு. இன்னொரு பையன், 17 வயது விங்கர் (களத்தின் ஓரத்தில் ஆடுபவன்), பந்து காலில் ஒட்டிக்கொண்ட மாதிரி ஆடுவான். அவனுக்கு 'உடம்பு பத்தாது' என்று சொல்லி விடுவிக்கப் பார்க்கிறார்கள். முதல் பையன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், 'கோச், நான் எப்போது ஆடுவேன்?' என்கிறான். என்ன சொல்வது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

23 நிமிடத்தைக் கணக்கு வைத்து எழுதியிருக்கிறீர்கள். இந்த ஆறு மாதத்தில் ரிசர்வ் அணிக்கு, அதாவது கிளப்பின் இரண்டாம் அணிக்கு, அவன் எத்தனை ஆட்டம் ஆடினான் என்று எழுதவில்லை. அநேகமாக ஆடியிருக்க மாட்டான். ஆடியிருந்தால் முதல் வரியிலேயே சொல்லியிருப்பீர்கள்.

அவனுடைய வாரம் எப்படிப் போகும் என்று நான் சொல்லட்டுமா? திங்கட்கிழமை, முந்தைய ஆட்டத்தில் 90 நிமிடம் ஆடியவர்களுக்கு லேசான பயிற்சி. ஆடாத இவனை உடற்பயிற்சியாளர் தனியாக ஓட விடுவார். புதன், வியாழன்களில் பதினொருவர் வைத்துப் பழகும்போது, எதிரணி மாதிரி ஆட ஓர் ஆள் குறைகிறது என்று இவனை இடது பின்களத்தில் நிறுத்துவார்கள். அது அவனுடைய இடமே இல்லை. சனிக்கிழமை பெஞ்சு. மூன்று தடவை எழுந்துபோய்க் கோட்டோரம் வார்ம்-அப் செய்துவிட்டு வந்து உட்காருவான். ஞாயிற்றுக்கிழமை ரிசர்வ் அணிக்கு ஆட்டம் இருக்கும். 'நேற்று சீனியர் அணியோடு போய் வந்தவன், ஓய்வு எடுக்கட்டும்' என்று விட்டுவிடுவார்கள். வாரம் முழுக்க ஓடியிருப்பான். ஒரு நாளும் ஆடியிருக்க மாட்டான்.

இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது, பாருங்கள். சீனியர் அணி அவனை நன்றாகத்தான் வைத்திருக்கிறது. ரிசர்வ் பயிற்சியாளர் 'அவன் மேலே போய்விட்டான்' என்று நினைக்கிறார். நீங்களோ வேலை முடிந்தது என்று அடுத்த பையன்களைப் பார்க்கப் போய்விட்டீர்கள். அந்தப் பையனின் வாரத்துக்குப் பொறுப்பாக கிளப்பில் ஒரே ஓர் ஆள் கிடையாது. உங்கள் பிரச்சினை இதுதான். லோன், தலைமைப் பயிற்சியாளரின் மனசு எல்லாம் அதற்கு அப்புறம்.

நானும் இதைச் செய்தவன்தான், அதனால் அதட்டிப் பேச எனக்குத் தகுதி இல்லை. பல வருடங்களுக்கு முன் இப்படி ஒருவனை மேலே அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்து ஒரு நாள் ரோண்டோ ஆடுவதைப் பார்க்கப் போனேன். ஐந்து பேர் வட்டமாக நின்று பந்தைக் கடத்த, நடுவில் இரண்டு பேர் பறிக்கப் பார்ப்பார்களே, அதுதான். என்னிடம் இருந்தபோது பந்து வருவதற்கு முன்பே ஒருமுறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பான். உடம்பைப் பாதி திருப்பி, தூரக் காலில் பந்தை வாங்குவான். அடுத்த பாஸ் முன்னே போகும். அன்றைக்குத் திரும்பியே பார்க்கவில்லை. நேராக நின்று, வந்த பந்தைக் கொடுத்தவருக்கே ஒரே டச்சில் திருப்பினான். பக்கத்தில் இருந்த சீனியர் ஒருவர், 'பையன் பந்தைத் தொலைக்கவே மாட்டான்' என்று பாராட்டினார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். அவன் பந்தை நெருப்புத் துண்டு மாதிரி கைமாற்றிக்கொண்டிருந்தான் என்பது எனக்கு உறைக்க இன்னும் மூன்று மாதம் ஆனது. பெரியவர்கள் மத்தியில் தவறு செய்யக் கூடாது என்ற பயம், ஐந்து வருடம் சொல்லிக்கொடுத்ததை ஐந்து மாதத்தில் அழித்திருந்தது.

உங்கள் பையன் பந்தை எப்படி வாங்குகிறான் என்று இந்த வாரமே போய்ப் பாருங்கள். தோளுக்குப் பின்னால் பார்க்கிறானா என்று மட்டும் எண்ணினால் போதும்.

'தயாராகவில்லை' என்கிறாரே, அவரை வில்லனாக்கிவிடாதீர்கள். தொடர்ந்து நாலு தோல்வி என்றால் அவர் நாற்காலி ஆடும். பையனுக்கு வேண்டியதோ இரண்டு வருடம். இருவர் கையில் இருப்பதும் வேறு வேறு காலண்டர். அதனால்தான் மேலேயும் கீழேயும் தெரிந்த ஓர் ஆள் நடுவில் வேண்டும். பெப் குவார்டியோலா 2007-08இல் பார்சிலோனாவின் பி அணியை நடத்தினார்; அந்த அணி அப்போது ஸ்பெயினின் நான்காம் நிலை லீக்கில் கிடந்தது. 2008இல் சீனியர் அணி அவர் கைக்கு வந்ததும், பி அணியில் தன்னிடம் ஆடிய புஸ்கெட்ஸையும் பெத்ரோவையும் கையோடு மேலே கொண்டுவந்தார். இரண்டே ஆண்டில், 2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், ஸ்பெயினின் முதல் பதினொருவரில் இருவரும் இருந்தார்கள். திறமை இருந்தது, சரி. அதோடு, ஒரு தப்பான பாஸுக்கு அப்புறம் இவன் என்ன செய்வான் என்று தெரிந்த ஒருவரும் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். உங்கள் கிளப்பில் அந்த ஆள் நீங்கள்தான். இல்லை என்றால் யார் என்று நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள்.

தலைமைப் பயிற்சியாளரிடம் போகும்போது 'ஒரு வாய்ப்பு கொடுங்கள்' என்று போகாதீர்கள். அதற்கு அவர் 'பார்க்கலாம்' என்பார், அவ்வளவுதான். ஆறு வீடியோத் துண்டுகளோடு போங்கள். மூன்றில் அவன் நன்றாகச் செய்திருக்க வேண்டும். மூன்றில் சொதப்பியிருக்க வேண்டும். சொதப்பலை நீங்களே காட்டினால்தான் மற்றதை நம்புவார். 'தயாராகவில்லை என்றால் எதில்?' என்று கேளுங்கள். பந்து இல்லாதபோது ஓடி மறிப்பதிலா, முதுகில் ஆள் இருக்கும்போது பந்தைக் காப்பதிலா? அவர் வாயால் ஒரே ஒரு விஷயம் வந்துவிட்டால், உங்களுக்கு ஆறு வாரத்துக்கு வேலை கிடைத்துவிட்டது.

அப்புறம், ஆட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இந்தக் கோப்பைப் போட்டியில், இவ்வளவு நிமிடம், பக்கத்தில் இன்னார். கடைசி ஐந்து நிமிடம் நேரத்தைக் கடத்துவதற்காக இறக்குவதெல்லாம் கணக்கில் சேராது. உடம்பு சூடாவதற்குள் விசில் அடித்துவிடும். உங்கள் அணி முன்னிலையில் இருக்கும்போது 60ஆம் நிமிடத்தில் இறங்கினால்தான், கால் சலித்த எதிரணியோடு அரைமணி நேரம் நிஜமாக ஆடிப் பார்க்கலாம்.

'பக்கத்தில் இன்னார்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். 1995 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட் சீசனின் முதல் ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 என்று தோற்றது. சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு எதையும் ஜெயிக்க முடியாது என்று தொலைக்காட்சியில் ஒரு முன்னாள் வீரர் சொன்னார். அந்த அணி அதே சீசனில் லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டையும் வென்றது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெக்காம், ஸ்கோல்ஸ், நெவில் சகோதரர்கள் என்று பையன்களின் பெயரை மட்டும் அடுக்குவார்கள். பின்னால் ஷ்மைக்கேலும் ஸ்டீவ் புரூஸும், நடுவில் ராய் கீனும், அக்டோபரிலிருந்து முன்னால் கான்டோனாவும் என்று அனுபவசாலிகள் நின்றதை விட்டுவிடுவார்கள். உங்கள் பையன் முதல்முறை தொடக்கத்திலிருந்து ஆடும் நாளில், அணியிலேயே அதிகம் பேசுகிற, அனுபவமுள்ள நடுக்களக்காரர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவருக்குக் காயம் என்றால் அந்த நாளைத் தள்ளிப்போடுங்கள்.

இரண்டாவது ஆட்டத்தை முதல் ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். முதல் ஆட்டம் மோசமாகப் போகலாம். போனால் அவன் மறுபடி நாலு மாதம் பெஞ்சில் உட்காருவான், இந்த முறை பயத்தோடு. இரண்டு ஆட்டம் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டால் பதற்றத்தில் முடிவெடுக்க வேண்டியதில்லை.

மற்ற வாரங்களுக்கு என் விதி எளிது: ஏழு நாளில் ஒரு முழு ஆட்டம். சனிக்கிழமை சீனியர் அணியில் இறங்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை ரிசர்வ் அணியில் 90 நிமிடம், அவனுடைய சொந்த இடத்தில். உடைமாற்றும் அறையில் யாராவது 'என்னடா, கீழே தள்ளிட்டாங்களா?' என்பார்கள். அவர்கள் சொல்வதற்கு முன் நீங்கள் அவனிடம் பேசியிருக்க வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பார்சிலோனாவின் பெத்ரி 2020-21இல், 18 வயதில், கிளப்புக்கும் நாட்டுக்குமாக 73 ஆட்டம் ஆடினார். அடுத்த சீசனின் பெரும்பகுதி தொடைத் தசைக் காயத்தோடு போனது. உங்கள் பையனுக்கு இப்போது அந்தக் கவலை இல்லை. ஆனால் ஒருமுறை பிடித்துவிட்டால் எல்லோரும் அவனையே கேட்பார்கள். அப்போது 'போதும்' என்று சொல்லவும் நீங்கள்தான் இருக்க வேண்டும்.

சரி, லோன். நான் லோனுக்கு எதிரி இல்லை. மோட்ரிச்சை 18 வயதில் குரோஷியாவின் டினாமோ ஸாக்ரெப் கிளப், பக்கத்து நாடான போஸ்னியாவின் ஸ்ரின்ஸ்கி மோஸ்டாருக்கு லோனில் அனுப்பியது. ஒல்லியான பையன், முரட்டு லீக். அந்த லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பெயரோடு வந்தார். ஹாரி கேனையும் டாட்டன்ஹாம் நாலு இடத்துக்கு அனுப்பியது. லேட்டன் ஓரியன்ட், மில்வால் இரண்டிலும் ஆட்டம் கிடைத்தது. நார்விச்சில் பாத எலும்பு முறிந்தது. லெஸ்டரில் பல நாள் பெஞ்சு. ஒரே பையன், நாலு லோன், பாதிக்குப் பாதி! ஆகவே 'லோன் நல்லதா?' என்று கேட்பதில் பயனில்லை. எந்த கிளப், யார் கேட்கிறார்கள் என்று கேளுங்கள்.

உங்கள் பையனைக் கேட்பது அங்குள்ள தலைமைப் பயிற்சியாளரா, அல்லது பட்டியலை நிரப்பப் பார்க்கும் நிர்வாகியா? அந்தப் பயிற்சியாளரோடு நேரில் பத்து நிமிடம் பேசுங்கள். பையனின் ஓர் ஆட்டத்தைப் பற்றி அவரால் விவரமாகப் பேச முடியவில்லை என்றால் அனுப்பாதீர்கள். பந்து பின்களத்திலிருந்து முன்களத்துக்குத் தலைக்கு மேலேயே பறக்கிற அணிக்கு நடுக்களப் பையனை அனுப்பினால், அவன் ஆறு மாதம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அனுப்பிய பிறகு மாதம் ஒருமுறையாவது நீங்கள் போய் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். கோல் கணக்கைப் போனில் கேட்டுக்கொள்வது விசாரிப்பு ஆகாது.

அந்த விங்கர் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. 17 வயதில் 'உடம்பு பத்தாது' என்பது ஒரு தீர்ப்பா? அவன் எந்த மாதம் பிறந்தவன் என்று பாருங்கள். வயதுப் பிரிவின் முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்கள் அகாடமிகளில் அளவுக்கு மீறி நிறைந்திருப்பதும், கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் உதிர்ந்துபோவதும் பல நாடுகளில் பலமுறை பார்த்த விஷயம். அதற்கு மேல், ஒரே நாளில் பிறந்த இரண்டு பையன்களில் ஒருவன் 14இலேயே ஆளாகிவிடுவான், இன்னொருவன் 18 வரை வளர்ந்துகொண்டிருப்பான். இவன் இன்னும் வளர்கிறானா என்று கிளப் மருத்துவரைக் கேளுங்கள். கடந்த இரண்டு வருட உயரக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். க்ரீஸ்மனை சின்ன உருவம் என்று பிரான்ஸில் பல கிளப்புகள் திருப்பி அனுப்பின. 14 வயதில் ஸ்பெயினின் ரியல் சொஸியெடாட் எடுத்துக்கொண்டது. 2018இல் பிரான்ஸுக்காக உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அவர் கோல் அடித்தார். குட்டையாக இருந்து பந்தைக் காப்பாற்றிப் பழகியவனுக்கு, உயரம் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகாது. வேண்டாம் என்று நினைப்பதற்கு முன் ஒரு வருடம் கேளுங்கள். நிர்வாகத்துக்குக் கணக்குதான் புரியும் என்றால், ஆடாத பையனை யாரும் விலை கேட்க மாட்டார்கள் என்பதைச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் பொருந்தும்.

அப்படியும் விடுவித்தால், செய்தியை நீங்களே நேரில், பெற்றோரையும் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அடுத்த கிளப்புக்கு நீங்களே போன் செய்யுங்கள். 16 வயதில் கழித்துவிடப்பட்ட ஜேமி வார்டி 29 வயதில் பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கிய கதையை மட்டும் அன்றைக்குச் சொல்லாதீர்கள். அந்த நாளில் எந்தப் பையனுக்கும் அது காதில் விழாது.

கடைசியாக, 'கோச், நான் எப்போது ஆடுவேன்?' என்ற கேள்வி. 'சீக்கிரம்' என்று இதுவரை சொல்லியிருப்பீர்கள். அந்த வார்த்தை இனி வேண்டாம். சீனியர் அணியில் எப்போது என்று எனக்குத் தெரியாது என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை ரிசர்வ் அணியில், நடுக்களத்தில், 90 நிமிடம் ஆடுகிறாய். நான் கோட்டோரம் நின்று நீ எத்தனை தடவை தோளுக்குப் பின்னால் பார்க்கிறாய் என்று எண்ணப் போகிறேன் என்று சொல்லுங்கள்.