பித்தப்பை எடுத்த எட்டாம் நாள் மறுபடி வார்டு: இரண்டாவது பில் யார் தலையில்?

கேள்வி: மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் அம்மாவுக்குப் பித்தப்பை எடுத்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். எட்டாம் நாள் காய்ச்சல், தொப்புளருகே தையலில் சீழ். மீண்டும் சேர்த்தபோது காப்புறுதி நிறுவனம் உத்தரவாதக் கடிதம் தர மறுத்ததால் 5,000 ரிங்கிட் முன்பணம் கட்டினோம். இந்தப் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்க வழி இருக்கிறது. கடிதம் மறுக்கப்பட்டால், மருத்துவமனைக்கு இப்போது நேரடியாகப் பணம் கட்ட மாட்டோம் என்பதே பொருள். நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு கோரலாம்.

காரியம் முழுக்க, காப்புறுதிப் படிவத்தில் டாக்டர் எழுதும் ஒரு வரியில் இருக்கிறது. வெறும் ‘காய்ச்சல்’, ‘தோல் தொற்று’ என்றிருந்தால் புதிய நோய்போலத் தெரியும், விசாரணை நீளும். ‘பித்தப்பை அறுவைக்குப் பின் தையல் புண்ணில் தொற்று’ என்று அறுவைத் தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். நடந்ததும் அதுதானே. சீழ்ப் பரிசோதனை முடிவு, இரண்டு முறையும் தந்த டிஸ்சார்ஜ் சுருக்கம், அசல் ரசீதுகள், வரிவாரியான பில் எல்லாம் கூடவே போகட்டும். பாலிசியில் சொன்ன கெடுவைத் தவறவிடாதீர்கள்.

பாலிசியில் ‘எனி ஒன் டிஸபிலிட்டி’ என்ற விளக்கத்தைத் தேடிப் படியுங்கள். வீடு திரும்பிய 90 நாளுக்குள் அதே நோய்க்கோ அதன் சிக்கலுக்கோ மறுபடி சேர்ந்தால், பல பாலிசிகள் இரண்டையும் ஒன்றாகவே கணக்கிடும். நோய்க்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்த பழைய பாலிசியானால் இரண்டு பில்லும் அந்த ஒரே தொகைக்குள் அடங்க வேண்டும். முதல் பில் எவ்வளவு தின்றது என்று பாருங்கள்.

பில்லை மேலோட்டமாகப் பார்க்காதீர்கள். டிரஸிங் செட், கையுறை, ஊசி மருந்து ஒவ்வொன்றின் தேதியையும் வார்டில் இருந்த நாட்களோடு ஒப்பிடுங்கள். டாக்டர் கட்டணத்துக்குச் சட்டப்படி உச்சவரம்புப் பட்டியல் உண்டு. மருந்துக்கும் இந்தச் சாமான்களுக்கும் அந்தப் பட்டியலில் வரம்பில்லை. பில் வீங்குவது பெரும்பாலும் இங்கேதான்.

கவனமாகச் செய்த அறுவையிலும் தொற்று வரும். அதனால் மருத்துவமனையிடம் தள்ளுபடி பெறுவது உரிமையல்ல. ஆனாலும் எழுத்தில் கேளுங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு அலைய வேண்டாம், மருத்துவச் சேவை 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. காப்புறுதி நிறுவனம் இறுதியாக மறுத்தால், அந்தக் கடிதம் கிடைத்த 6 மாதத்துக்குள் நிதிச் சந்தைகள் குறைதீர்ப்புச் சேவையான எஃப்எம்ஓஎஸ்-க்குப் போங்கள். 250,000 ரிங்கிட் வரையிலான காப்புறுதி வழக்குகளை அங்கே இலவசமாக எடுத்துக்கொள்வார்கள்.

அம்மாவுக்குக் கண் மஞ்சளானாலோ, கெண்டைக்கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ பணத்தை யோசிக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். இனி புண் கட்ட வெளிநோயாளியாகப் போகும் ஒவ்வொரு ரசீதையும் சேர்த்து வையுங்கள். பல பாலிசிகள் அதையும் குறிப்பிட்ட நாட்கள் வரை தருகின்றன. கேட்காமல் விடுபவர்கள்தான் அதிகம்.