மழையில் நனையும் நாயகனிடம் என்ன சொல்வது?

கேள்வி: கல்யாணமாகி 12 வருடம், மகனுக்கு 9 வயது. கணவருக்குச் செம்பனை எண்ணெய் மில்லில் பாய்லர் வேலை, ஷிப்டு முறை. நான் மதியம் வரை ஒரு கிளினிக்கில் இருக்கிறேன். இரவில் போனில் தொடர்கதை படிப்பேன். அந்த நாயகர்கள் பேசுவதுபோல் ஒரு வார்த்தை இவர் பேசியதில்லை. ஆனால் வீட்டில் இருக்கும் நாளில் மழை வந்தால், கூப்பிடாமலே கிளினிக் வாசலில் மோட்டார் சைக்கிளோடு நிற்பார். ஒரே ரெயின்கோட், அதை எனக்கு மாட்டிவிட்டு அவர் நனைந்தபடி ஓட்டுவார். கதை நாயகனைவிட இவர் மேல் என்பது போன மாதம்தான் எனக்கு உறைத்தது. பாராட்டலாமே என்று "நீங்க ரொம்ப நல்லவருங்க" என்றேன். "என்ன, காசு வேணுமா?" என்று கேட்டார். அதோடு வாயை மூடிக்கொண்டேன். எப்படித்தான் சொல்வது?
– பெயர் வேண்டாம், ஊத்தான் மெலிந்தாங், மலேசியா

பதில்: சகோதரி, அவர் கேட்டதில் தப்பே இல்லை. 12 வருடமாக வராத சொல் திடீரென்று வந்து, அதுவும் 'நல்லவர்' என்று மொத்தமாக விழுந்தால், பின்னால் ஏதோ செலவு வருகிறது என்றுதான் எந்தக் கணவருக்கும் தோன்றும். 'நல்லவர்' என்பது பிரியாவிடை விருந்தில் மாலை போட்டுச் சொல்வது. வீட்டில் அது ஒட்டாது. 'தேங்க்ஸ்', 'நன்றி' இரண்டும் இதே கதைதான். நம் வீடுகளில் நன்றி என்பது வெளியாளுக்குச் சொல்வது. கட்டியவரிடம் சொன்னால் அவரை ஒரு அடி தள்ளி நிறுத்தினதுபோல் ஆகிவிடும்.

எனவே குணத்தில் தொடங்காதீர்கள், செயலில் தொடங்குங்கள். நேற்றோ முந்தாநாளோ நடந்த ஒரே ஒரு காரியம் போதும். முதல் வாக்கியத்தில் அவர் செய்தது, இரண்டாவதில் அது அவரைப் பற்றி உங்களுக்குக் காட்டியது. அதற்கு மேல் நீட்ட வேண்டாம். "நேத்து நான் போனே பண்ணல, வானம் கறுத்ததும் கிளம்பி வந்துட்டீங்க. எனக்கு என்ன வேணும்னு நான் சொல்றதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சிடுது." இவ்வளவுதான்.

அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். "நீங்க வந்ததால நான் நனையல, மாத்திரை வாங்குற செலவு மிச்சம்" என்று தனக்குக் கிடைத்த லாபத்தைச் சொல்லி முடித்துவிடுவார்கள். அமெரிக்க உளவியலாளர் சாரா அல்கோவும் அவருடைய குழுவினரும் தம்பதிகள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்வதைக் கவனித்து 2016-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 'எனக்கு இது கிடைத்தது' என்ற பேச்சைவிட, செய்தவரின் இயல்பைத் தொட்டுச் சொன்ன பேச்சுதான் கேட்டவர் மனதில் அதிகம் பதிந்தது. லாபக்கணக்கு சொன்னால் வேலை செய்தவர் வேலையாளாகவே நிற்கிறார்.

இதைவிடப் பெரிய கெடுதல் வால் வைப்பது. "நல்லா செஞ்சீங்க, தினமும் இப்படியே இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்!" சொன்ன பாராட்டு அங்கேயே புகாராகிவிட்டது. "எங்க அண்ணன்கூட இப்படிச் செய்யமாட்டான்" என்று ஒப்பிடுவதும் வேண்டாம். அடுத்த சண்டையில் அதே அண்ணன் மறுபக்கம் வந்து நிற்பார். படம் போட்டு ஃபேஸ்புக்கில் ஏற்றுவது உங்கள் வீட்டுக்கு ஆகாது. மறுநாள் மில்லில் நண்பர்கள் கிண்டல் செய்தால், அடுத்த மழைக்கு வாசலில் நிற்க அவருக்கே கூச்சமாக இருக்கும்.

நேரம் முக்கியம். இரவு ஷிப்டு முடிந்து வருகிறவரின் காதில் இயந்திரச் சத்தம் இன்னும் இரைந்துகொண்டிருக்கும்; கண் இரவு முழுக்க நீராவி அழுத்தமானியைப் பார்த்த கண். கதவைத் திறந்ததும் சொன்னால் அது ஏறாது. குளித்து, பசியாறி, தூங்கி எழுந்து கோப்பி குடிக்கும் பொழுது நல்லது. மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து சொன்னால் ஹெல்மெட்டுக்குள் பாதி கேட்காது. வீட்டு வாசலில் இறங்கி, அவர் சாவியைத் திருப்பி அணைக்கும் அந்த நொடி இருக்கிறதே, அதுதான் பொருத்தம். முகத்துக்கு நேர் முகம் இல்லாததால் கூச்ச சுபாவக்காரர்களுக்கு எளிது.

அதுவும் கூச்சமாக இருந்தால் நம் பாட்டிகள் வழி இருக்கிறது: பிள்ளையிடம் சொல்வது, அவர் காதில் விழும்படி. "அப்பாவுக்கு மட்டும் எப்படிடா மழை வர்றது முன்கூட்டியே தெரியுது?"

சொன்ன பிறகு சும்மா இருங்கள். "சரி சரி, தண்ணி கொண்டா" என்பார், அல்லது வேறு எதையோ கேட்பார். "என்ன, ஒன்னும் சொல்லமாட்டீங்களா?" என்று துளைக்க வேண்டாம். குறுந்தொகையின் 167-ஆம் பாட்டில் மனைவி சமைத்த புளிக்குழம்பைக் கணவன் 'இனிது' என்று உண்கிறான். அவள் பதிலே பேசவில்லை, முகம் மட்டும் லேசாக மலர்கிறது. உங்கள் வீட்டில் பாராட்டுவது நீங்கள், பேசாமல் இருப்பது அவர், அவ்வளவே. மறுபடி "காசு வேணுமா?" என்றால் சிரித்துக்கொண்டு "வேணாம்" என்று உள்ளே போய்விடுங்கள். அன்றைக்கு மட்டும் நிஜமாகவே காசு கேட்டுவிடாதீர்கள்!

எவ்வளவு? வாரத்துக்கு இரண்டு தடவை போதும், ஒரே காரியத்தைத் திரும்பச் சொல்லாமல். தினமும் சொன்னால் ரேடியோ விளம்பரமாகிவிடும். சொல்ல விஷயம் கிடைக்காது என்று தோன்றினால், ஒரு வாரம் காலண்டர் தாளின் ஓரத்தில் அவர் செய்வதைக் குறித்துப் பாருங்கள்: கேஸ் சிலிண்டர் மாற்றியது, மகனின் சைக்கிள் சங்கிலி, தண்ணீர்த் தொட்டி. ராஸ், சிக்கோலி என்ற இருவர் 1979-ல் வெளியிட்ட ஆய்வில், கணவனும் மனைவியும் வீட்டு வேலையில் தங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே சொன்னதைக் கூட்டினால் பெரும்பாலும் முழுமைக்கும் மேலே போனது. தான் செய்தது ஒன்றுவிடாமல் ஞாபகம் இருக்கும், அடுத்தவர் செய்தது நம் கண் படாத நேரத்தில் நடந்திருக்கும். அவரும் உங்கள் வேலையில் பாதியைப் பார்த்திருக்கமாட்டார் என்பதும் இதில் அடக்கம்.

மில்லுக்குச் செம்பனைக் குலை அதிகம் வரும் மாதங்களில் அவர் பேச்சு இன்னும் குறையும். அறுத்த குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைக்கப் பார்ப்பார்கள். கிடந்தால் அடிபட்ட பழத்தில் அமிலம் ஏறி எண்ணெய் தரம் இறங்கும். அதனால் மில் இரவெல்லாம் ஓடும், ஓவர்டைம் வரும். அந்த மாதங்களில் பேச்சை வைத்து அவரை அளக்காதீர்கள்.

தொடர்கதையை நிறுத்தச் சொல்லமாட்டோம். அதில் நாயகனின் மனசை எழுத்தாளரே திறந்து வைத்துவிடுகிறார். இவர் மனசை நீங்கள் கையைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். இரண்டு வார்த்தை அவர் வாயால் கேட்க ஆசையா? கேளுங்கள், ஆனால் வேறொரு நாளில். பாராட்டோடு முடிச்சுப் போட்டால் அதுவும் வால்தான்.

இதைப் படிக்கும் வேறு சகோதரிகளுக்கு ஒன்று. கை நீட்டுகிற, சம்பளத்தைப் பிடுங்குகிற கணவருக்கு இந்த மருந்து இல்லை. அரசின் உதவித் தொலைபேசி டாலியான் காசே 15999, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

உங்களுக்கு ஒரு வேலை. அடுத்த பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) இன்னொரு ரெயின்கோட் வாங்குங்கள், அவர் அளவில். மேல்சட்டை, கால்சட்டை என்று இரண்டு துண்டாக வருவது வேண்டும். போர்வைபோல் தலைவழி மாட்டுவது காற்றில் பறந்து சக்கரத்தில் சிக்கும். கொடுக்கும்போது ஒன்றும் சொல்ல வேண்டாம். மடித்து மோட்டார் சீட்டுக்கு அடியில் வைத்துவிடுங்கள்.